ரூபன் அடித்த கோல்

இந்தக் கவரைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறீர்களா, சார்? தப்பாக நினைக்காதீர்கள். எனக்குக் கை வியர்க்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உள்ளே ஒரே ஒரு தாள் இருக்கிறது, அதில் ஒரு கையெழுத்து இருக்கிறது. ஈரம் பட்டு அது கலைந்துவிட்டால் என் பிழைப்பே கலைந்துவிடும். உங்கள் பையில், அந்த முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் செருகிவைத்தால் போதும். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

கும்மிடிப்பூண்டியில் உங்களுக்கு உறவா? அப்படியா. நான் ஒரு நண்பனைப் பார்க்க வந்தேன். பதிமூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறேன். ஒரு வாய் டீ குடிக்கச் சொல்லவில்லை, சார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் ஃபுட்பால் பார்ப்பீர்களா? பார்க்க மாட்டீர்களா. நல்லது. பார்க்கிறவர்களிடம் எதையும் சொல்ல முடியாது, நடுவில் புகுந்து திருத்துவார்கள்.

யோரிஸ் வான் டெல்ட் என்று ஒரு ஆட்டக்காரர். டச்சுக்காரர், ஹாலந்து தேசம். எங்கள் வியாசர்பாடியில் எங்கள் தெருவில் அந்தப் பெயர் தெரியாத ஆள் அப்போது கிடையாது. எல்லாம் குணாளனால்தான். நான் பார்த்துவிட்டு வருகிற நண்பன் அவன்தான். அவனுக்குப் பழைய பேப்பர் கடையில் ஒரு இங்கிலீஷ் விளையாட்டுப் புத்தகம் கிடைத்தது. அட்டை கிடையாது. நடுவில் நாலு பக்கம் டெல்டின் வாழ்க்கை. எங்கள் கோச் பெலிக்ஸ் மாஸ்டர் அதை வரிக்கு வரி தமிழில் சொன்னார். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே "டச்சு"தான். அவன் அம்மாகூட, "டச்சு, சோறு ஆறுதுடா" என்று கூப்பிடுவாள்.

டெல்டின் அப்பா துறைமுகத்தில் வெல்டர். இவருக்கு ஆறு வயதாகும்போது போய்விட்டார். அம்மா மீனை டப்பாவில் அடைக்கிற கம்பெனியில் வேலை. பையன் படகு கட்டும் கொட்டகைச் சுவரில் இடது காலாலேயே பந்தை அடித்துக்கொண்டிருப்பானாம். சுவர் பெயர்ந்து கொட்டகைக்காரன் சண்டைக்கு வந்தானாம். பதினேழு வயதில் பெரிய கிளப். இருபத்துமூன்றில் தேசத்துக்காக ஒரு ஃபைனல். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. டாக்டர் வேண்டாம் என்றார். இவர் ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். ஒரு கோல். அந்த ஒரு கோலை வைத்து உலகமே அவரைத் தூக்கிக்கொண்டாடியது. பிறகு அதே காலில் நாலு ஆபரேஷன். இருபத்தெட்டு வயதில் பூட்ஸைக் கழற்றிவிட்டார்.

புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான். மீதியைக் குணாளன் பின்னால் போனில் தேடிப் படித்தான். டெல்ட் இப்போது ஏதோ ஒரு சின்ன ஊரில் கால்வாய்மேல் ஒரு பாலத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். படகு வந்தால் பாலத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். தானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலையாம். யார் போய் அந்த கோலைப் பற்றிக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாராம். "அது காலால் செய்தது. வாயால் சொல்ல எனக்குத் தெரியாது." அவ்வளவுதான், கதவைச் சாத்திவிடுவாராம்.

இது எனக்குப் புரிந்ததே இல்லை, சார். நல்லதாக ஒன்றைச் செய்தால் நாலு பேரிடம் சொன்னால் என்ன? சொல்லாமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பொன்னேரி வந்துவிட்டது. வேர்க்கடலை சாப்பிடுகிறீர்களா? ஏம்மா, ரெண்டு பொட்டலம் கொடு. இருக்கட்டும் சார், நான் வாங்குகிறேன்.

எங்கள் கிளப் பெயர் ஈவினிங் ஸ்டார். குணாளன் லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் முன்னால் ஆடுகிறவன். நானும் லெஃப்ட் அவுட்தான், ஆனால் சப். அவன் ஆடினால் நான் பெஞ்சில். அவன் எப்போதும் ஆடுவான். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. யாராவது ஒருவன் பெஞ்சில் உட்காரத்தான் வேண்டும், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் நாங்கள் ஃபுட்பால் சங்கம் நடத்துகிற கோப்பையின் செமி ஃபைனல் வரைக்கும் போய்விட்டோம். அந்தக் கோப்பையை ஜெயித்த டீமில் பெயர் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனுப் போடலாம். எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஃபுட்பால் என்றால் அதுதான், சார். மற்றவர்களுக்கு வேண்டுமானால் விளையாட்டாக இருக்கும்.

செமி ஃபைனலில் இரண்டு காரியம் நடந்தது. குணாளனின் இடது கணுக்காலில் ஒருவன் ஏறி மிதித்தான். வீங்கிவிட்டது. அந்த ஆத்திரத்தில் இவன் அவனைப் பிடித்துத் தள்ளினான். மஞ்சள் கார்டு. ஏற்கெனவே அதற்கு முந்தின ஆட்டத்தில் ஒன்று வாங்கியிருந்தான். இரண்டு சேர்ந்தால் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. அடுத்த ஆட்டம் ஃபைனல்.

டாக்டர் மூன்று வாரம் காலைக் கீழே ஊன்றக்கூடாது என்றார். சங்கம் அவன் ஆடக்கூடாது என்றது. ஆக, ஃபைனலில் அவன் இடத்தில் நான்.

எனக்கு அந்த வாரம் வயிறு சரியில்லை, சார். எது சாப்பிட்டாலும் வெளியே வந்தது. பயம் என்று பையன்கள் சொன்னார்கள். பயம் எல்லாம் இல்லை, ஏதோ சாப்பாட்டுக் கோளாறு. ஃபைனலுக்கு இரண்டு நாள் முன்னால் மாஸ்டரிடம் போய் நான்தான் சொன்னேன்.

"மாஸ்டர், என் ஐடி கார்டுல டச்சு ஆடட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவன் கால் பார்த்தியா நீ?"

"ஊசி போட்டா ஆடுவான் மாஸ்டர். டெல்ட் ஆடல?"

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, சார். அப்போது எல்லா கிளப்பிலும் ஆள் மாற்றி ஆடுவார்கள். ஒருவன் கார்டில் இன்னொருவன். அடையாள அட்டையில் ஸ்டாம்ப் அளவுக்கு ஒரு போட்டோ, அதில் பாதி முகத்தில் சங்கத்தின் சீல். யார் என்று அம்மாவுக்கே தெரியாது. அதுவும் எங்கள் மாஸ்டர் கில்லாடி. ஃபைனலுக்கு முதல் நாள் டீம் முழுவதையும் ஒரே சலூனில் உட்காரவைத்து மொட்டை அடித்துவிட்டார். எதிர் டீம் பயப்படட்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டார். மறுநாள் ரெஃபரி கையில் முடி உள்ள பதினொரு போட்டோ, எதிரில் முடி இல்லாத பதினொரு தலை. அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு பெயராகப் படித்தார். "ரூபன்" என்றார். குணாளன் கையைத் தூக்கினான்.

ரூபன் என் பெயர். சொல்ல மறந்துவிட்டேன்.

நினைத்துப் பாருங்கள். ஒரு ஃபைனல். என் இடம். என் கார்டு. அதைத் தூக்கி நண்பனுக்குக் கொடுத்தேன். யார் செய்வார்கள்? இதை இன்றைக்கு வரைக்கும் ஒரு ஆள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் சம்சாரம் அமுதா இருக்கிறாளே, அவள் வேறு மாதிரி பேசுகிறாள். "அந்த மஞ்ச கார்டு அவரு காலைக் காப்பாத்தியிருக்கும். நீங்கதான் விடல" என்று இன்றைக்கு முகத்துக்கு நேராகச் சொன்னாள். நல்லதுக்குக் காலமில்லை.

மீஞ்சூர். கூட்டம் ஏறும், கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். கவர் பத்திரமாக இருக்கிறது இல்லையா?

ஊசி போடும்போது நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று ஊசி. கணுக்காலைச் சுற்றி டேப். பதினேழாம் நம்பர் சட்டை. அதுவும் என்னுடையது. ஆட்டம் எழுபது நிமிஷம் வரை கோல் இல்லை. எழுபத்திரண்டாவது நிமிஷம் வலது பக்கம் ஒரு கார்னர். மழை தூறிக்கொண்டிருந்தது. பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து இந்தப் பக்கம் வருகிறது. நான் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் இரண்டு பேர். பந்து இறங்குகிறது. திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. வலது காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, இடது காலை அப்படியே மேலே கொண்டுபோகிறேன். பாதத்தின் வெளிப்பக்கம், இந்தச் சுண்டுவிரல் எலும்புக்குக் கீழே, இங்கே படுகிறது. ஈரப் பந்து, கனமாக. பட்ட அந்த நிமிஷமே தெரிந்துவிடும், சார். உள்ளங்காலில் ஒரு சிலிர்ப்பு. கோலி கையைத் தூக்கவே இல்லை. வலையில் இருந்த தண்ணீர் மொத்தமும் தெறித்தது.

என்ன சார்? ஆமாம், ஆமாம். அவன்தான். அவன் காலைத்தான் சொன்னேன். பதிமூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் அப்படியே வந்துவிடுகிறது. ஆபீஸில் கேட்பார்கள், பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கேட்பார்கள், கல்யாண வீட்டில்கூட, "ரூபன், அந்த கோலைச் சொல்லு" என்பார்கள். அங்கே போய் "அவன்" என்று சொல்ல முடியுமா?

எங்கே இருந்து பார்த்தேனா? நான் பார்க்கவில்லை. நான்தான் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறேனே, வெளியே எப்படி நிற்பது? யாராவது அடையாளம் கண்டுபிடித்தால் டீமையே நீக்கிவிடுவார்கள். கிளப் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சத்தம்தான் கேட்டது. ஆனால் பிறகு அந்த கோலை ஒவ்வொருவரும் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவன் பந்தைப் பார்த்திருப்பான், ஒருவன் கோலியைப் பார்த்திருப்பான். நான் எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருக்கிறேன். பார்த்தவர்களைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும்.

எண்பதாவது நிமிஷம் எதிர் டீமில் இரண்டு பேர் சேர்ந்து அவனை அடித்தார்கள். அந்தச் சத்தமும் வேனுக்குள் கேட்டது. கூட்டத்தின் சத்தம் திடீரென்று நின்றால் எப்படி இருக்கும், அதைத்தான் சொல்கிறேன். கணுக்கால் திரும்பிவிட்டது. பாதம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

மாஸ்டர் ஆம்புலன்ஸில் கூடப் போனார். சங்கம் செலவு செய்யும் தனியார் ஆஸ்பத்திரி. ஆனால் கார்டில் உள்ள ஆளுக்குத்தான் செலவு செய்வார்கள். அதனால் அட்மிஷன் சீட்டில் பெயர் ரூபன். எக்ஸ்ரேயில் ரூபன். கால்மாட்டில் தொங்கும் அட்டையில் ரூபன். தகடு வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டார்கள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. எப்படிப் போவது, நீங்களே சொல்லுங்கள். ரூபன் கட்டிலில் படுத்திருக்கும்போது ரூபன் போய், "ரூபனைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்று கேட்க முடியுமா? அவன் அம்மா அதைப் புரிந்துகொள்ளவே இல்லை. தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டுக்கு வந்த பிறகாவது போயிருக்கலாம் என்பார்கள். போயிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் எனக்கு கோட்டா இன்டர்வியூ வந்துவிட்டது. இங்கே அலைய வேண்டும், அங்கே அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும். மறுநாள் பேப்பரில் வந்திருந்தது, பாருங்கள், நாலு வரி. "ரூபன் அடித்த அபார கோலால் ஈவினிங் ஸ்டார் சாம்பியன். கோல் அடித்த ரூபன் காயத்துடன் வெளியேறினார்." அந்தத் துண்டையும் சர்டிஃபிகேட்டையும் வைத்தேன். ட்ரயலில் நான் ஒன்றும் பெரிதாக ஆடவில்லை. உட்கார்ந்திருந்த அதிகாரியே, "இப்பதான் காயம் ஆறியிருக்கு, போகப்போகச் சரியாகும்" என்றார்.

வேலை கிடைத்தது. எந்த ஆபீஸ் என்று வேண்டாம், சார். கல்யாணம் ஆயிற்று. ஒரு பெண், நாலாவது படிக்கிறாள். பீரோமேல் அந்தப் பேப்பர் துண்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறாள். "எங்கப்பா அடிச்சது" என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாள்.

குணாளன் கால் சேரவில்லை. தகட்டுக்குள் சீழ் வைத்தது. இரண்டாவது ஆபரேஷனுக்கு மாஸ்டர் சங்கத்திடம் போனபோது, "ரூபன்தான் நல்லபடியா வேலைக்குப் போயிட்டாரே, அவருக்கு எதுக்கு ஆபரேஷன்?" என்று கேட்டிருக்கிறார்கள். மாஸ்டர் திரும்பி வந்துவிட்டார். பிறகு அரசு ஆஸ்பத்திரியில், அவன் சொந்தப் பெயரில், கணுக்காலை அசையாமல் சேர்த்துவைத்துவிட்டார்கள். அந்தப் பாதம் இனிமேல் மடங்காது. மரக்கட்டையை ஊன்றி நடப்பது போல நடப்பான். ஊரைவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. மாஸ்டர் போன வருஷம் போய்ச் சேர்ந்தார்.

இது எல்லாம் முடிந்துபோன விஷயம். யார் கிளறச் சொன்னார்கள்? போன மாதம் ஆபீஸுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்திருக்கிறது. டைப் அடித்தது. கோல் அடித்தது நான் இல்லையாம். கடைசியில் ஒரு வரி. "ரூபனின் இடது கணுக்காலை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தகடும் ஆறு ஸ்க்ரூவும் இருந்தால் அவர்தான் ரூபன். இல்லாவிட்டால் அவர் யார்?"

எப்படிக் கேட்டிருக்கிறான் பாருங்கள். அவர் யார்!

வியாழக்கிழமை விசாரணை. ஆஸ்பத்திரி ரெக்கார்டைக் கேட்டு வாங்கிவிட்டார்கள். என் கால் இதோ, பாருங்கள், ஒரு கீறல் கிடையாது. எக்ஸ்ரே எடுத்தால் வேலை போகும். மோசடி கேஸ்கூடப் போடுவார்களாம். தெரிந்த வக்கீல் ஒருவர் ஒரு வழி சொன்னார். அதுதான் அந்தக் கவரில் இருக்கிறது. குணாளன் எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம். ஃபைனல் அன்றைக்கு அவன் மைதானத்துக்கே வரவில்லை. சைக்கிளில் இருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். கோல் அடித்த எனக்கு லேசான சுளுக்குத்தான். அவன் என் கார்டை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய், என் பெயரைச் சொல்லி, சங்கத்தின் செலவில் ஆபரேஷன் செய்துகொண்டான். அவ்வளவுதான். எல்லாம் பொருந்திவிடுகிறது இல்லையா?

எண்ணூர். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிஷம்தான்.

காலையிலேயே போய்விட்டேன். கம்பெனி கேட், ஒரு சின்னக் கேபின், குறுக்கே ஒரு கம்பி. லாரி வந்தால் கம்பியைத் தூக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் சிரித்தான். பல்லில் பாதி போயிருந்தது.

"வா ரூபா. பார்த்தியா, டெல்ட் பாலம் தூக்குறாரு, நான் கம்பி தூக்குறேன். வித்தியாசம், அங்க தண்ணி, இங்க லாரி."

அமுதா சோறு கொண்டுவந்திருந்தாள். அவனைக் கட்டிக்கொண்ட பிறகு இன்றைக்குத்தான் என்னைப் பார்க்கிறாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, உங்க காலு எப்படி இருக்கு? பிளேட் உறுத்தாம இருக்கா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்து, "நல்லா இருக்கும்மா" என்றேன்.

தாளைக் கொடுத்தேன். குணாளன் மெதுவாகப் படித்தான். "சைக்கிளா?" என்றான். "எனக்கு எப்படா சைக்கிள் இருந்துச்சு?"

"பைக்குன்னு மாத்திடலாமா?"

"வேணாம், சைக்கிளே இருக்கட்டும். பைக்குன்னா லைசென்ஸ் கேப்பாங்க." மறுபடியும் சிரித்தான். அதன் பிறகு "ரூபனுக்குத் தெரியாமல்" என்ற வரி வந்தது. அங்கே விரலை வைத்தான். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போய்க் கம்பியைத் தூக்கி, இறக்கிவிட்டு வந்தான். அந்தப் பத்து அடி நடப்பதற்கு அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது தெரியுமா, சார்?

அமுதா தாளை வாங்கிப் படித்தாள். "இது திருட்டுதானே? கார்டைத் திருடி ஆஸ்பத்திரில ஏமாத்தினாருன்னு எழுதியிருக்கு. செக்யூரிட்டி வேலைக்காரன் திருடன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவருக்குன்னு இருக்கறது இந்த நாற்காலி ஒண்ணுதான்."

"ஆபீஸ் ஃபைல்ல கிடக்கும்மா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றேன். உண்மைதான் சார், யார் பார்க்கப் போகிறார்கள்?

அவன் தாளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். என்னிடம், "உன் பொண்ணு எத்தனாவது?" என்றான். நாலாவது என்றேன். "ம்" என்றான். பிறகு, "நீ ஸ்கூல்ல எல்லாம் போய் அந்த கோலைச் சொல்றியாமே. நல்லா சொல்றேன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வாட்டி சொல்லேன்" என்றான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். உங்களுக்குச் சொன்னேனே, அதே மாதிரி. கார்னர், தூறல், இரண்டு பேர், இடுப்பு, சுண்டுவிரல் எலும்பு, உள்ளங்கால் சிலிர்ப்பு. எழுந்து நின்று காலைத் தூக்கிக்கூடக் காட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். அமுதா தலையைத் திருப்பிக்கொண்டு தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் சொன்னான். "சிலிர்ப்பா? எனக்கு ஒண்ணுமே தெரியலடா. மூணு ஊசி. முட்டிக்குக் கீழ காலே இல்லாத மாதிரி இருந்துச்சு. பந்து பட்டதே தெரியாது. ஜனங்க கத்தினப்பதான் கோலுன்னு தெரிஞ்சுது. இத்தினி வருஷமா அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சு நினைச்சுப் பார்ப்பேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீ சொல்லித்தான்."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். முழுப் பெயர். சு. குணாளன். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஒண்ணே ஒண்ணு, ரூபா. இதோட விட்டுடு. இனிமே அதை யாருக்கும் சொல்லாத. பேரு உன்னோடது, வேலை உன்னோடது, எல்லாம் எடுத்துக்கோ. சொல்ல மட்டும் சொல்லாத" என்றான்.

சரி என்றேன். என் பெண் மேல் சத்தியம் என்றேன். அவன் சோற்றைத் திறந்தான். சாப்பிடு என்றும் சொல்லவில்லை, டீ குடி என்றும் சொல்லவில்லை. அமுதா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்தே ஸ்டேஷனுக்கு வந்தேன். பதிமூன்று வருஷம் கழித்து ஒரு மனுஷன் தேடி வந்தால் இப்படியா?

கொருக்குப்பேட்டை போய்விட்டதா? பாருங்கள், பேச்சில் தெரியவே இல்லை.

உங்களிடம் சொன்னது அந்தச் சத்தியத்தில் சேராது, சார். நீங்கள் யாரோ, நான் யாரோ. கவர் கையெழுத்தோடு இருக்கிறது என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது, அதில் கோலும் வந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. என் பெண் படிக்கிற பள்ளியில் விளையாட்டு விழா. நான்தான் சிறப்பு விருந்தினர். நோட்டீஸே அடித்துவிட்டார்கள். பிள்ளைகள் அந்த கோலைத்தான் கேட்பார்கள். "அது காலால் செய்தது, வாயால் சொல்ல முடியாது" என்று சொன்னால் விடுவார்களா? என் பெண்ணே விட மாட்டாள்.

ரயிலை நிறுத்திவிட்டான். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் எப்போதும் இப்படித்தான், சிக்னல் கிடைக்காது. இனிமேல் எப்படியும் பத்து நிமிஷம். கவர் உங்களிடமே இருக்கட்டும், கை இன்னும் வியர்க்கிறது.

சார், அந்த கோலில் ஒன்று விட்டுவிட்டேன். இத்தனை வருஷமாக விட்டுத்தான் சொல்லியிருக்கிறேன், இப்போதுதான் தோன்றுகிறது. கேளுங்கள். பந்து இறங்கி வருகிறது. பின்னால் இரண்டு பேர். இடது காலைத் தூக்குகிறேன். மூன்று ஊசி போட்டிருக்கிறது. முட்டிக்குக் கீழே காலே இல்லாத மாதிரி இருக்கிறது. பந்து பட்டது எனக்கே தெரியாது, சார். ஜனங்கள் கத்திய பிறகுதான் கோல் என்று தெரிந்தது.